குப்பை வண்டிகளை மாற்றுதல்: நகராட்சிகளுக்கான முழுமையான வழிகாட்டி

பதினைந்து வயதை நெருங்கும் குப்பை வண்டிகளுக்குப் பதிலாகப் புதியவை வாங்கும் கோப்பு உங்கள் மேசைக்கு வந்துவிட்டதா? அப்படியானால் இது உங்களுக்குத்தான். தமிழ்நாட்டின் ஒரு நடுத்தர நகராட்சியை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வீடு வீடாகப் போகும் சிறிய டிப்பர், பேட்டரி வண்டி, தெருமுனைத் தொட்டிகளைத் தூக்கிக் கொட்டிக் குப்பையை அமுக்கும் காம்பாக்டர் ஆகிய மூன்றைப் பற்றித்தான் இங்கே பேச்சு. குடிநீர் லாரிக்கும் கழிவுநீர் உறிஞ்சு வண்டிக்கும் படிகளின் வரிசை இதேதான், அளவுகள் மட்டும் வேறு.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் விலைப்பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு தொடங்குகிறார்கள். அங்கேதான் வழி தவறுகிறது. வண்டி எப்படி இருக்கும் என்பது டெண்டர் வெளியாகும் அன்றே முடிவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு நீங்கள் கேட்பதெல்லாம் வேண்டுகோள்தான். கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. அதனால் கீழே பாதிக்கு மேல் டெண்டருக்கு முந்தைய வேலைகளாகவே இருக்கும்.

1. முதலில் தேதிகளை எழுதுங்கள்

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அரசு, மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி ஆகியவற்றுக்குச் சொந்தமான வண்டிகளின் பதிவுச் சான்று, முதல் பதிவிலிருந்து 15 ஆண்டுகளில் காலாவதியாகும். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த விதி நடைமுறையில் இருக்கிறது. எஞ்சின் நன்றாக ஓடினாலும் புதுப்பிக்க முடியாது. நீட்டிப்பு வரும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வரி எழுதுங்கள்: பதிவு எண், முதல் பதிவுத் தேதி, எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) முடியும் தேதி, இன்சூரன்ஸ் முடியும் தேதி, ஓடிய கிலோமீட்டர், கடந்த ஆண்டுப் பழுதுச் செலவு, ஷெட்டில் படுத்திருந்த நாட்கள். கடைசி இரண்டும் தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. வயது பதினொன்றுதான் ஆகியிருக்கும், ஆனால் மாதத்தில் பாதி நாள் ஓடாத வண்டி, பதினான்கு வயதில் தினமும் ஓடும் வண்டியைவிட அவசரமானது.

பலரும் இருப்புப் பதிவேட்டில் உள்ள கொள்முதல் தேதியை எடுத்துக்கொள்கிறார்கள். சட்டம் பார்ப்பது ஆர்.சி. எனும் பதிவுச் சான்றில் உள்ள முதல் பதிவுத் தேதியை. மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான 'வாகன்' தளத்தில் எண்ணைப் போட்டு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

ஒரே திட்டத்தில் ஒரே மாதம் வாங்கிய வண்டிகள் ஒரே மாதத்தில் காலாவதியாகும். பத்து வண்டி ஒன்றாக நின்றால் ஊரில் குப்பை எடுக்க ஆள் இருக்கும், வண்டி இருக்காது. ஆகவே அந்தக் கூட்டத்தில் மோசமான சிலவற்றை ஓராண்டு முன்பே மாற்றிவிடுங்கள். காலாவதித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் மதிப்பீடு, மன்றத் தீர்மானம், டெண்டர், சேசிஸ் (சக்கரமும் எஞ்சினும் உள்ள அடிச்சட்டம்) வருகை, அதன்மேல் பாடி கட்டுதல், பதிவு எல்லாம் சேர்ந்து ஓராண்டை எளிதாக விழுங்கிவிடும்.

2. தெருவையும் தொட்டியையும் அளந்து வாருங்கள்

அலுவலகத்தில் உட்கார்ந்து வண்டியின் அளவைத் தீர்மானிக்க முடியாது. ஓட்டுநர், தூய்மைப் பணியாளர் இருவர், மேற்பார்வையாளர் ஆகியோரோடு காலை நேரத்தில் வழித்தடத்தில் நடங்கள். காலை நேரம் என்று சொல்வது வேண்டுமென்றேதான். பகலில் காலியாகத் தெரியும் சந்தில் காலை ஆறரை மணிக்கு இரண்டு பக்கமும் பைக் நிற்கும்.

குறிக்க வேண்டியவை: மிகக் குறுகிய தெருவின் அகலம், வண்டி திரும்பும் முனை, தாழ்வாகத் தொங்கும் மின் கம்பி, கேபிள் வயர், வடிகால் மேல் போட்ட மூடிப் பலகைகள். டிப்பர் பாடி தூக்கும்போது எட்டும் உயரத்தையும் பாருங்கள். வண்டி போகும் உயரம் வேறு, பாடி நிமிரும் உயரம் வேறு. உரக்கிடங்கின் சாய்தளத்திலும் நுண் உர மையத்தின் கூரைக்குக் கீழேயும் இந்த இரண்டாவது அளவுதான் முட்டும்.

காம்பாக்டர் வாங்குவதானால் ஊரில் ஏற்கெனவே இருக்கும் தொட்டிகளை எண்ணி, வகை பிரியுங்கள். 1,100 லிட்டர் தொட்டியில் பக்கவாட்டுக் குமிழைப் பிடித்துத் தூக்கும் வகை உண்டு, விளிம்பைச் சீப்பு போன்ற பற்களால் பிடித்துத் தூக்கும் வகையும் உண்டு. புது வண்டியின் கை ஒரு வகைக்கும் ஊர்த் தொட்டிகள் இன்னொரு வகைக்கும் அமைந்துவிட்டால், கோடி ரூபாய்க்கு வண்டி வாங்கியும் ஆட்கள் மண்வெட்டியால் அள்ளிப் போட வேண்டியதுதான். தொட்டியின் படம், குமிழின் விட்டம், தரையிலிருந்து அதன் உயரம் மூன்றையும் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், பணியாளர் கூடையைத் தூக்கிக் கொட்டும் உயரம். வீட்டுக்கு வீடு வண்டியோடு நடப்பவர்களில் பெண்கள் நிறையப் பேர். தோளுக்கு மேல் தூக்கிக் கொட்டும்படி பாடி இருந்தால் நாளுக்குப் பல நூறு முறை தோள் வலி. நெஞ்சு உயரத்துக்குள் கொட்டும் வாய் இருக்க வேண்டும், அல்லது வழுக்காத படி இருக்க வேண்டும். அவர்களையே நிற்க வைத்து டேப்பால் அளந்து எண்ணாக எழுதுங்கள். 'வசதியான உயரம்' என்று எழுதினால் அதற்குப் பொருளே இல்லை.

3. எடையும் கன அளவும்: இரண்டு கணக்கு

விளக்கத்துக்காக ஒரு கணக்கு. 600 வீடு, வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 350 கிராம் என்றால் 840 கிலோ. அதில் அறுபது விழுக்காடு மக்கும் குப்பை என்றால் சுமார் 500 கிலோ, மக்காத குப்பை 340 கிலோ. ஈரக் குப்பை ஒரு கன மீட்டருக்கு 500 கிலோ வரை நிற்கும். அதற்கு 1 கன மீட்டர் போதும். அமுக்காத பிளாஸ்டிக்கும் அட்டையும் கன மீட்டருக்கு 120 கிலோ என்று வைத்தால் அதற்கு 2.8 கன மீட்டர் வேண்டும்.

எடையில் ஈரக் குப்பை கூடுதல், இடத்தில் காய்ந்த குப்பை கூடுதல். ஆனால் நடுவில் தடுப்பு வைத்துச் சரிபாதியாகப் பிரித்த பாடிகளைத்தான் பல இடங்களில் பார்க்கிறேன். காய்ந்த பக்கம் பாதி வழியிலேயே நிரம்பிவிடும். மிச்சத்தை ஈரப் பக்கத்தில் போடுவார்கள். வீட்டில் தரம் பிரித்த உழைப்பு வண்டியில் வீணாகிறது. உங்கள் ஊர்க் குப்பையை ஒரு வாரமாவது எடை மேடையில் தனித்தனியாக நிறுத்திப் பார்த்துவிட்டு, தடுப்பு எங்கே வர வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். தடுப்பை நகர்த்தும்படி அமைத்தால் இன்னும் நல்லது. ஆயுத பூஜைக்கு மறுநாள் வாழைக்கன்றும் பூசணிக்காயும் குவியும்போது அது கைகொடுக்கும்.

அடுத்தது சுமை. விற்பனைத் தாளில் 850 கிலோ சுமக்கும் என்று போட்டிருக்கும். அது சேசிஸும் கேபினும் மட்டும் இருக்கும்போது மிஞ்சுவது. அதில் டிப்பர் பாடி, ஹைட்ராலிக் ஜாக்கி, தடுப்பு, மூடி எல்லாம் சேர்ந்து 300 கிலோ என்றால், ஓட்டுநரும் உதவியாளரும் 150 என்றால், குப்பைக்கு மிஞ்சுவது 400 கிலோதான். மேலே சொன்ன 840 கிலோவுக்கு மூன்று நடை ஆகிறது. ஒரு நடைக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம் என்று பெருக்கிப் பார்த்தால்தான் எத்தனை வண்டி வேண்டும் என்று தெரியும். பழைய வண்டி எட்டு, ஆகவே புதியதும் எட்டு என்று எழுதுவது கணக்கே ஆகாது.

4. எந்த வகை வண்டி

பேட்டரி வண்டி வாங்குகிறவர்கள் முதலில் அதன் சட்ட வகையைப் பார்க்க வேண்டும். இ-கார்ட் என்ற வகைக்கு மோட்டார் திறன் 4,000 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், சரக்கு 310 கிலோவுக்குள். சந்துகளுக்கு இது போதும். 500 கிலோ ஏற்ற வேண்டுமென்றால் அதற்கு மேற்பட்ட சரக்கு மூன்று சக்கர வகையைத்தான் கேட்க வேண்டும். இந்த வரம்பை அறியாமல் இ-கார்ட் வாங்கி, பக்கப் பலகையை உயர்த்திக் கட்டி, ஆறே மாதத்தில் பின் அச்சை ஒடித்துக்கொண்ட இடங்கள் உண்டு.

இருபது வண்டி இரவில் ஒன்றாகச் சார்ஜ் ஏற வேண்டுமென்றால் ஷெட்டின் மின் இணைப்பு தாங்குமா? கூடுதல் மின்பளு கேட்டு மின் வாரியத்துக்கு விண்ணப்பிப்பதை வண்டி டெண்டரோடு சேர்த்தே தொடங்குங்கள். மழைத் தண்ணீர் நிற்காத மேடை, கூரை, பிளக் ஒவ்வொன்றுக்கும் தனி எம்.சி.பி. (மின்பளு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) எல்லாம் அந்த மதிப்பீட்டிலேயே வரட்டும். வண்டி வந்து, பிளக் வராமல் நிற்பது மிகச் சாதாரணமான காட்சி.

ஓட்டுநர் உரிமத்தையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். மொத்த எடை 7,500 கிலோ வரையிலான வண்டி இலகு ரக உரிமத்துக்குள் வரும். அந்த உரிமம் வைத்திருப்பவர் அந்த எடைக்குள் உள்ள சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. பெரிய காம்பாக்டர்கள் அந்த எடையைத் தாண்டியவை. கனரக உரிமம் உள்ளவர்கள் உங்களிடம் எத்தனை பேர், விடுப்பில் போனால் மாற்று யார் என்று எண்ணிவிட்டுத்தான் காம்பாக்டர் எண்ணிக்கையைப் போட வேண்டும்.

5. மதிப்பீடும் அனுமதியும்

மதிப்பீட்டில் வண்டி விலை மட்டும் இருந்தால் போதாது. பாடி, ஜி.எஸ்.டி., பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ், ஜி.பி.எஸ். கருவியும் அதன் சிம்மின் பல ஆண்டுக் கட்டணமும், வண்டியில் பெயர் எழுதும் வேலை, உத்தரவாதம் முடிந்த பிறகான பராமரிப்பு ஒப்பந்தம், சார்ஜிங் வசதி என எல்லாம் வர வேண்டும். விட்டுப்போனதற்குப் பின்னால் தனி அனுமதி வாங்க மாதக்கணக்கில் ஆகும், அதுவரை வண்டி ஷெட்டில் நிற்கும்.

பழைய மதிப்பீட்டை நகலெடுத்தால் வரி விகிதத்தைத் திருத்துங்கள். சரக்கு வண்டிகளின் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது. மின் வண்டிக்கு 5 விழுக்காடு.

மன்றத் தீர்மானத்தில் வண்டியின் பதிவு எண்களைச் சொல்லி, 'இவற்றுக்குப் பதிலாக' என்று எழுதுங்கள். மாற்று வண்டியா, கூடுதல் வண்டியா என்ற கேள்வி தணிக்கையில் கட்டாயம் வரும். ஓட்டுநர் பணியிடம் கூடுதலாக வேண்டுமா என்பதும் அதைப் பொறுத்ததுதான்.

6. விவரக்குறிப்பு

இந்தப் படியில் ஒரு வாரம் கூடுதலாகச் செலவழித்தால் பின்னால் ஆண்டுக்கணக்கில் மிச்சம். முதல் விதி: அளக்க முடியாத சொல் எதையும் எழுதாதீர்கள். 'தரமான', 'உறுதியான', 'கனமான தகடு' என்பவற்றை எல்லாம் அடித்துவிட்டு, எண்ணோ சோதனையோ எழுதுங்கள்.

பாடியில் முதலில் அழிவது தரைத் தகடு. ஈரக் குப்பையின் சாறு அமிலத் தன்மை உள்ளது. இரவு முழுக்க மூலையில் தேங்கி அரிக்கும். அதனால் தரைக்கும், பக்கத்தின் கீழ் அடிக்கும் தனித் தடிமன் கேளுங்கள். உள் மூலைகளில் தொடர் வெல்டிங் என்று குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் இடைவெளி விட்டுப் புள்ளி புள்ளியாகத்தான் வைப்பார்கள், அந்த இடைவெளியில் சாறு இறங்கித் துரு பிடிக்கும். சாறு சேரும் தொட்டி, அதற்குக் கையால் திறக்கும் வால்வு, வால்வு எந்தப் பக்கம் என்பது வரை எழுதலாம். சாக்கடை மூடியின் மேல் வண்டியை நிறுத்தித் திறப்பதற்கு எந்தப் பக்கம் வசதி என்று ஓட்டுநரைக் கேட்டால் சொல்வார்.

டிப்பர் சாயும் கோணம் எழுதுங்கள். 45 பாகைக்குக் குறைந்தால் ஈரக் குப்பை ஒட்டிக்கொண்டு இறங்காது. ஒட்டியதைத் தள்ள யாராவது தூக்கிய பாடிக்கு அடியிலோ பின்னாலோ போவார்கள். விபத்து அங்கேதான் நடக்கிறது. அதனாலேயே தூக்கிய பாடியைத் தாங்கும் இரும்பு முட்டுக் கம்பி ஒவ்வொரு வண்டியிலும் கட்டாயம் என்று போடுங்கள். ஹைட்ராலிக் குழாய் வெடித்தாலும் பாடி படீரென்று விழாமல் தடுக்கும் பாதுகாப்பு வால்வும் வேண்டும். காம்பாக்டரில் பின்பக்கம் இரு ஓரத்திலும் அவசர நிறுத்தப் பொத்தான்.

ஸ்டெப்னி எங்கே இருக்கும் என்று கேட்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம். பாடி கட்டியபின் கம்பெனி வைத்த இடத்திலிருந்து அதை வெளியே எடுக்கவே முடியாத வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. 'பாடியைத் தூக்காமல், சுமை இறக்காமல் மாற்றுச் சக்கரத்தை எடுக்க முடிய வேண்டும்' என்று ஒரே ஒரு வரி போதும். டீசல் மூடி, பேட்டரி, காற்று வடிகட்டி ஆகியவற்றுக்கும் இதே வரி.

ஒரு நிறுவனத்தின் பெயரையோ மாடலையோ எழுதாதீர்கள். சட்டச் சிக்கல் ஒருபுறம். விற்பனைத் தாளை அப்படியே நகலெடுத்தால் உங்களுக்குத் தேவையே இல்லாத எண்களும் நிபந்தனையாகி, போட்டி ஒன்றோ இரண்டோ என்று சுருங்கிவிடும். ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் 'ஏன்' என்று உங்கள் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள். டெண்டர் முன்கூட்டத்தில் அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்பார்கள். காரணம் இருந்தால் நில்லுங்கள், இல்லாவிட்டால் விட்டுக்கொடுங்கள்.

கையேடும் பாகப் பட்டியலும் தமிழில், ஹைட்ராலிக் வரைபடம், இரண்டு நாள் பயிற்சி, பராமரிப்பு மையம் எத்தனை கிலோமீட்டருக்குள், பழுது சொன்ன எத்தனை மணி நேரத்தில் ஆள் வர வேண்டும் என்பவையும் விவரக்குறிப்பின் பகுதிதான்.

7. டெண்டர்

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, அதன் 2000ஆம் ஆண்டு விதிகள் இரண்டையும் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள், சிறியவைதான். 2 கோடி ரூபாய் வரை குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைக்க வேண்டுமென்றால் மேல்நிலை அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகை மதிப்பில் 1 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது, ஆணை பெற்றவர் கட்டும் காப்புத் தொகை 5 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது.

தொழில்நுட்ப விவரம் ஓர் உறையிலும் விலை இன்னோர் உறையிலும் வாங்கும் இரண்டு உறை முறையே நல்லது. தொழில்நுட்ப உறையில் தேறாதவரின் விலையைத் திறக்க வேண்டியதில்லை. விலை தெரிந்தபின் தகுதியை எடைபோட்டால் மனம் மலிவான பக்கம் சாயும்.

குறைந்த விலைக்காரருக்குத்தான் ஆணை. சரி, ஆனால் எது குறைந்த விலை என்பதைத் தீர்மானிப்பது டெண்டர் ஆவணம். வண்டி விலையோடு ஐந்தாண்டுப் பராமரிப்புக் கட்டணத்தையும் சேர்த்து ஒப்பிட வேண்டும் என்று நினைத்தால், அந்தக் கூட்டல் முறையை ஆவணத்திலேயே எழுத வேண்டும். எழுதாத அளவுகோலைப் பின்னால் கொண்டுவந்தால் மேல்முறையீட்டில் நிற்காது.

சேசிஸ் ஓரிடம், பாடி வேறிடம் என்று இரண்டு ஆணை பிரித்துக் கொடுப்பது மலிவாகத் தெரியும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அச்சு ஒடிந்தால் பாடிக்காரர் சேசிஸைச் சொல்வார், சேசிஸ்காரர் பாடியைச் சொல்வார். முழுதாகக் கட்டிய வண்டிக்கு ஒரே ஆணை, ஒரே உத்தரவாதம் என்று இருந்தால் இந்தப் பந்தாட்டம் இல்லை.

பணம் தரும் படிகளையும் எழுதுங்கள். சேசிஸ் வந்ததற்கே பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டால் பாடி கட்டுவதில் அவருக்கு அவசரம் இருக்காது. ஏற்புச் சோதனையும் பதிவும் முடிந்த பிறகு பெரும்பகுதி, களத்தில் சில மாதம் ஓடியபின் மிச்சம் என்று வைத்தால் உங்கள் தொலைபேசியை எடுப்பார்கள்.

8. முதல் வண்டியைத் தனியாக ஏற்றுக்கொள்ளுங்கள்

இந்த முழு வரிசையிலும் எதை வேண்டுமானாலும் சுருக்குங்கள், இதைச் சுருக்காதீர்கள். ஆணையில் 'முதல் வண்டியைக் கட்டி ஒப்புதல் பெற்ற பிறகே மற்றவற்றைக் கட்ட வேண்டும்' என்று இருக்கட்டும். இருபது வண்டியும் கட்டி வரிசையாக வந்து நின்றபின் படி இரண்டு அங்குலம் உயரம் என்று சொன்னால் யாரும் மாற்ற மாட்டார்கள். ஒரு வண்டியில் சொன்னால் அரை நாள் வேலை.

பட்டறைக்குப் பொறியாளர் மட்டும் போகக் கூடாது. வழித்தடத்தில் நடக்க அழைத்த அதே ஓட்டுநரையும் பணியாளரையும் அழைத்துப் போங்கள். பெயின்ட் அடிப்பதற்கு முன் ஒருமுறை போக முடிந்தால் வெல்டிங் தெரியும். பெயின்ட் அடித்தபின் எல்லா வெல்டிங்கும் அழகாகத்தான் இருக்கும்.

சோதனைகளை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் காலி வண்டியை எடை மேடையில் நிறுத்துங்கள். மூன்றாம் படியில் போட்ட கணக்கு இங்கே மெய்யா பொய்யா என்று தெரிந்துவிடும். அடுத்து, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி பாடியின் அடிப்பகுதியில் தண்ணீர் நிரப்பி அரை மணி நேரம் விடுங்கள். சொட்டும் இடத்தைச் சாக்குக்கட்டியால் குறியுங்கள். பிறகு நிஜமான ஈரக் குப்பையை ஏற்றித் தூக்குங்கள். பட்டறையில் மணலை ஏற்றிக் காட்டுவார்கள். மணல் சறுக்கிவிடும், சாம்பார்ச் சோறும் வாழை இலையும் சறுக்காது.

அப்புறம் தொடர்ச்சியாக இருபது முறை தூக்கி இறக்குங்கள். முதல் ஐந்து முறையில் எல்லா ஹைட்ராலிக்கும் நன்றாகத்தான் வேலை செய்யும். எண்ணெய் சூடேறியபின்தான் கசிவும் திணறலும் வெளியே வரும். காம்பாக்டரானால் உங்கள் ஊர்த் தொட்டி ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டே போய்விடுங்கள். கடைசியாக ஸ்டெப்னியைக் கழற்றச் சொல்லுங்கள்.

கண்ட குறைகளைப் பட்டியலிட்டு இருதரப்பும் கையெழுத்திட்ட பிறகே அங்கிருந்து கிளம்ப வேண்டும். வாயால் சொன்னது மற்ற வண்டிகளில் வராது.

9. பொருத்த வேண்டியவை

ஒலிபெருக்கி, பின்னால் பார்க்கும் கேமரா, பின்னோக்கி நகரும்போது ஒலிக்கும் பஸ்ஸர், ஜி.பி.எஸ்., சுழல் விளக்கு, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, கைகழுவத் தண்ணீர் கேன், கையுறை வைக்கும் பெட்டி, சானிட்டரி நாப்கின் போன்றவற்றுக்கும் பழைய பல்பு, பேட்டரி போன்றவற்றுக்கும் தனித்தனிச் சிறு பெட்டி. பட்டியல் எளிது, பொருத்தும் விதத்தில்தான் கோளாறு.

ஜி.பி.எஸ். ஆள் ஒருநாள், ஒலிபெருக்கி ஆள் இன்னொரு நாள் என்று வந்து, கையில் கிடைத்த வயரை வெட்டி ஒட்டுவார்கள். மூன்றாம் மாதம் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. கம்பெனியின் வயரில் கைவைத்தால் உத்தரவாதமும் பேச்சுக்கு இடமாகிவிடும். எனவே கூடுதல் மின் கருவிகள் அனைத்துக்கும் தனி ஃபியூஸ் பெட்டியும் தனி இணைப்பும் பாடி கட்டும் இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். பிறகு வருகிறவர் எல்லாரும் அந்தப் பெட்டியிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும்.

ஒளிரும் பட்டை முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. பாடிக்காரர் கையில் இருக்கும் நிறத்தை ஒட்டிவிட்டு வந்தால் எஃப்.சி.யில் திருப்பி அனுப்புவார்கள். நகராட்சியின் பெயர், வார்டு, புகார் எண் ஆகியவற்றை ஸ்டிக்கராக இல்லாமல் பெயின்டில் எழுதுங்கள். தினமும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் வண்டியில் ஸ்டிக்கர் நிற்காது.

10. பதிவும் இன்சூரன்ஸும்

விற்பனைச் சான்றில் பெயர் 'ஆணையர், இன்ன நகராட்சி' என்று பதவிப் பெயரில் இருக்க வேண்டும். அப்போது ஆணையராக இருப்பவரின் சொந்தப் பெயரில் வந்துவிட்டால் அவர் மாறிப் போனபின் திருத்துவது பெரிய வேலை.

படிவம் 20, 21, 22, பாடி கட்டியவரின் சான்று, ஒப்புதல் பெற்ற வரைபடம், இன்சூரன்ஸ், தற்காலிகப் பதிவு ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். சேசிஸ் எண்ணை ஒவ்வொரு தாளிலும் வண்டியோடு ஒத்துப்பாருங்கள். ஓர் இலக்கம் மாறியிருந்தால் பிரேக் இன்ஸ்பெக்டர் அங்கேயே நிறுத்திவிடுவார். தற்காலிகப் பதிவு முடிவதற்குள் பாடி முடிய வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

'சர்க்கார் வண்டிக்கு இன்சூரன்ஸ் எதற்கு' என்று யாராவது சொல்வார்கள். சட்டம் தானாக விலக்கு தருவது மத்திய, மாநில அரசுகளின் சொந்த வண்டிகளுக்கு. உள்ளாட்சி அமைப்புக்கு அது தானாக வராது. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் ஒரு நாள்கூட வண்டியைத் தெருவில் விடாதீர்கள். அது இல்லாவிட்டால் விபத்து இழப்பீடு நகராட்சி நிதியிலிருந்துதான் போகும்.

புதிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. முதலில் 2 ஆண்டு. எட்டு ஆண்டு வரை இரண்டிரண்டு ஆண்டாகவும் அதன்பின் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். முதல் படியில் போட்ட அட்டவணையில் இந்தத் தேதியை அன்றே ஏற்றிவிடுங்கள்.

11. முதல் மூன்று மாதம்

எல்லா வண்டியையும் ஒரே நாளில் கொடியசைத்து விட ஆசைப்படுவார்கள். விழா நடக்கட்டும், ஆனால் வழித்தடத்தில் இரண்டிரண்டாக இறக்குங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ஓட்டுநர் ஒருவரை நிலையாகக் குறியுங்கள். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் கோளாறு எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது.

முதல் மாதத்தில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று லாக் புக்கில் சரியாகப் பதிந்து வையுங்கள். வண்டி புதிதாக இருக்கும்போது எடுத்த இந்த எண் இல்லாவிட்டால் பின்னால் எரிபொருள் கூடியது எஞ்சினாலா வேறு காரணத்தாலா என்று ஒப்பிட எதுவும் இருக்காது.

ஸ்பிரிங் பட்டைகளைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் பாடி போல்ட்டுகளையும் முதல் சில வாரத்திலேயே மறுபடி முறுக்க வேண்டும். ஹைட்ராலிக் வடிகட்டியை முதல் சர்வீஸில் மாற்றச் சொல்லுங்கள். புதிய தொட்டியிலும் குழாயிலும் வெல்டிங் துகள் இருக்கும். ஒவ்வொரு பழுதையும் எழுத்தில் தெரிவியுங்கள். உத்தரவாதக் காலம் முடியும் வேளையில், 'இது முன்பே இருந்த கோளாறு' என்று நிரூபிக்க அந்தக் கடிதங்களைத் தவிர உங்களிடம் வேறெதுவும் இருக்காது.

12. பழைய வண்டியை அனுப்புதல்

புது வண்டி பதிவாகி வழித்தடத்தில் ஓடும்வரை பழையதைக் கண்டம் செய்து (இனி உதவாது என்று கழித்து) அனுப்பாதீர்கள். அதே சமயம் ஆர்.சி. முடிந்த நாளுக்குப் பிறகு அதைச் சாலையில் ஓட்டிப் போகவும் முடியாது, இன்னொரு வண்டியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். நாளைப் பார்த்து நகருங்கள்.

தகுதியற்றது என்ற சான்று, மன்ற ஒப்புதல், அப்புறம் ஏலம். 15 ஆண்டு முடிந்த அரசு வண்டி, பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்துக்குத்தான் போக வேண்டும். மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி.யின் தளத்தில் நடக்கும் மின்னணு ஏலம் இதற்கு வழக்கமான வழி. ஊர்ப் பழைய இரும்புக் கடைக்குப் போனால் உங்கள் நகராட்சியின் எண்ணோடு அந்த வண்டி வேறெங்கோ ஓடும் அபாயம் உண்டு.

ஏலத்துக்கு முன் பேட்டரி, டயர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி எடுப்பது பழக்கமாகிவிட்டது. முழு வண்டிக்கு மதிப்பிட்ட விலை பின் எப்படி வரும்? கழற்ற வேண்டியது ஜி.பி.எஸ். கருவி, அதன் சிம், ஒலிபெருக்கி மட்டும். நகராட்சிப் பெயரின் மேல் பெயின்ட் அடித்துவிடுங்கள். வண்டியை ஒப்படைத்ததும் ஒப்படைப்புச் சான்று, உடைத்தபின் உடைப்புச் சான்று இரண்டையும் வாங்கி, வாகன் தளத்தில் பதிவு ரத்தானதைப் பார்த்த பிறகே கோப்பை மூடுங்கள். இன்சூரன்ஸையும் அந்த எண்ணுக்கான எரிபொருள் ஒதுக்கீட்டையும் அன்றே நிறுத்த வேண்டும். ஓடாத வண்டிக்கு டீசல் பில் வருவதைத் தணிக்கையில்தான் கண்டுபிடிப்பார்கள்.

ஸ்டோரில் பழைய மாடலுக்கான வடிகட்டி, பிரேக் லைனிங், கிளட்ச் தட்டு எவ்வளவு இருக்கிறது என்று மாற்றத்துக்கு ஓராண்டு முன்பே எண்ணி, புதிதாக வாங்குவதை நிறுத்திவிடுங்கள். பிரிக்காத பெட்டிகளாக மிஞ்சியவற்றை அதே மாடல் இன்னும் ஓடும் பக்கத்து நகராட்சிக்கு முறைப்படி மாற்றித் தரலாம், அல்லது வண்டியோடு தனி வரியாக ஏலத்தில் சேர்க்கலாம்.